ஆட்டினால் எப்படி ஒட்டும்? - இடுப்பு மூட்டின் விளிம்பும் ஓய்வின் வரலாறும்

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோது கையில் கொடுத்தனுப்பிய தாளில் ஒன்றோடொன்று முரண்படுவது போன்ற இரண்டு கட்டளைகள் இருந்தன. வலது காலில் உடலின் எடையை ஏற்றக் கூடாது. பாதம் தரையைத் தொடலாம், அவ்வளவுதான். அதே காலை மறுநாளிலிருந்தே பிறர் உதவியோடு மடக்கி, நீட்டி, சிறு வட்டமாகச் சுழற்ற வேண்டும். எதிர்விசை ஏதும் வைக்காத நிலைச் சைக்கிளில் உட்கார்ந்து மிதிக்கவும் வேண்டும். நிற்க உரிமையில்லாத காலுக்குச் சைக்கிள் மிதிக்கும் கடமை மட்டும் இருந்தது.

என்னைப் பார்த்துக்கொள்வதற்காக ஊரிலிருந்து வந்திருந்த அத்தைக்கு இதில் முதல் கட்டளை மட்டுமே பிடித்திருந்தது. நாள்தோறும் காலையில் வந்து, "சார், காலைத் தளர்வா விடுங்க, நான்தான் தூக்குவேன்" என்று சொல்லி என் தொடையைச் சுழற்றிக்கொண்டிருந்த இயன்முறை மருத்துவரான இளம்பெண்ணை அவர் கதவோரம் நின்று கவலையோடு பார்ப்பார். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ கேட்டே விட்டார்: "தச்ச இடத்த இப்படி ஆட்டிக்கிட்டே இருந்தா எப்படிம்மா ஒட்டும்?" அந்தப் பெண் சிரித்துவிட்டு, "ஆட்டலேன்னாதான் பாட்டி வேண்டாத எடத்துல ஒட்டிக்கும்" என்றாள்.

இரண்டு பேர் சொன்னதும் சரி என்று தோன்றியது. மல்லாந்து படுத்திருந்த வாரங்களில் இந்த வழக்கின் பழைய ஏடுகளைப் புரட்டத் தொடங்கினேன். என் வீட்டுக் கூடத்தில் நடந்த இந்த விவாதம் குறைந்தது நூற்றைம்பது ஆண்டுகளாக, லிவர்பூலிலும் பாரிஸிலும் டொரோண்டோவிலும் பெரிய மனிதர்களிடையே நடந்துவந்திருக்கிறது. அத்தையின் பக்கத்தில் நின்றவர்கள் எளிய ஆட்களல்லர்.

*

முதலில் கிழிந்த பொருளைச் சொல்லிவிட வேண்டும். தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பிலுள்ள ஒரு குழியில் பொருந்துவதைப் பள்ளிப் பாடத்தில் 'பந்துக் கிண்ண மூட்டு' என்று படித்திருக்கிறோம். ரோமானியர்கள் உணவு மேசையில் காடி வைக்கும் சிறு கிண்ணத்தை அசெடாபுலம் என்றார்கள். அந்தப் பெயரே உடற்கூற்றியலில் இக்குழிக்கு நிலைத்தது. கிண்ணத்தின் வாயைச் சுற்றி, நாரும் குருத்தெலும்பும் கலந்த ஒரு வளையம் ஓடுகிறது. அதற்கு லேப்ரம் என்று பெயர். லத்தீனில் உதடு என்று பொருள். பாத்திரத்தின் விளிம்பைத் தமிழிலும் வாய் என்றே சொல்கிறோம். ஆகவே உதடு என்ற பெயர் நமக்கு அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை.

ஆனால் தமிழில் இந்த நோய்க்கு ஒரு மொழிச் சிக்கல் இருக்கிறது. 'இடுப்பு' என்ற நம் சொல் மிகப் பரந்தது. வேட்டி கட்டும் இடமும் இடுப்பு, குழந்தையைத் தூக்கி வைக்கும் இடமும் இடுப்பு, முதுகெலும்பின் அடிப்பகுதியும் இடுப்பு. பிரசவ வேதனையும் இடுப்பு வலிதான். லேப்ரம் கிழிந்தவனுக்கோ வலி பெரும்பாலும் முன்புறத்தில், தொடையும் வயிறும் சேரும் கவட்டை மடிப்பில் தோன்றுகிறது. நான் 'இடுப்பு வலி' என்று சொன்னதைக் கேட்ட முதல் மருத்துவர் என் முதுகெலும்பைப் படம் பிடித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் சொன்ன சொல்லுக்கு அவர் சரியாகவே வைத்தியம் பார்த்தார். ஆங்கிலம் பேசும் நாடுகளிலும் நிலைமை இதைவிட மேம்பட்டதாக இல்லை. அமெரிக்காவில் லேப்ரம் கிழிந்த 66 பேரை ஆராய்ந்து 2006இல் வெளியான ஒரு கட்டுரையின்படி, வலி தொடங்கியதிலிருந்து நோய் இன்னதென்று உறுதியாவதற்குச் சராசரியாக 21 மாதங்கள் ஆகியிருந்தன. அதற்குள் ஒவ்வொருவரும் சராசரியாக மூன்றுக்கு மேற்பட்ட மருத்துவர்களைப் பார்த்திருந்தார்கள். சொல்லத் தெரியாத நோயாளிகள் ஒரு சைகை செய்கிறார்கள். கட்டைவிரலைப் பின்னாலும் மற்ற விரல்களை முன்னாலும் வைத்து, பிறை வடிவில் இடுப்பைப் பற்றிக் காட்டுகிறார்கள். மருத்துவ நூல்கள் இச்சைகையை ஓர் அறிகுறியாகவே பதிவு செய்திருக்கின்றன. நானும் அப்படித்தான் பற்றிக் காட்டியிருக்கிறேன், அதற்கொரு பெயர் உண்டென்று அறியாமலே.

இந்த மெல்லிய உதடு என்ன வேலை செய்கிறது? இதற்கான விடையின் முதல் நுனி 1836இல் ஜெர்மனியில் கிடைத்தது. கட்டிங்கன் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் வில்ஹெல்ம் வேபரும் அவருடைய தம்பியான உடற்கூற்றியலாளர் எடுவார்ட் வேபரும் மனித நடையின் இயக்கவியல் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். (இந்த வில்ஹெல்ம்தான் கணித மேதை காஸுடன் சேர்ந்து 1833இல் கட்டிங்கனில் மின்தந்தி அமைத்தவர், 1837இல் அரசரின் செயலை எதிர்த்துப் பதவியிழந்த ஏழு பேராசிரியர்களில் ஒருவர். அந்த எழுவரில் கிரிம் சகோதரர்களும் உண்டு என்பது இலக்கிய வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும்.) சகோதரர்கள் இருவரும் ஒரு சடலத்தின் காலை மேசை விளிம்பிலிருந்து தொங்கவிட்டு, இடுப்பு மூட்டைச் சுற்றியுள்ள தசைகள் அனைத்தையும் அறுத்தார்கள். மூட்டின் உறையையும் அறுத்தார்கள். கால் விழவில்லை. பின்னர் இடுப்பெலும்பின் உட்புறத்திலிருந்து கிண்ணத்தினுள் ஒரு துளை போட்டார்கள். காற்று உள்ளே நுழைந்ததும் எலும்புத் தலை கிண்ணத்தைவிட்டு வழுகி இறங்கியது. தலையை மறுபடி உள்ளே தள்ளித் துளையை விரலால் அடைத்தால் மீண்டும் பிடித்துக்கொண்டது. நாம் நடக்கும்போது காலின் கனத்தைத் தாங்குவதில் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்துக்கும் பங்குண்டு என்று அவர்கள் முடிவு கட்டினார்கள்.

காற்றுப் புகாதபடி வாயைக் கவ்வியிருப்பது லேப்ரம். இது கணினி மாதிரிகளாலும் சோதனைகளாலும் விளக்கம் பெற 2000ஆம் ஆண்டையொட்டிய காலம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எடை அழுத்தும்போது மூட்டின் உள்ளிருக்கும் நீர் வெளியே கசிந்துவிடாமல் அது தடுக்கிறது. அந்த நீர்ப்படலம் இருக்கும்வரை எலும்பின் பூச்சும் பூச்சும் நேரடியாக உரசுவது குறைகிறது. குக்கர் மூடியின் ரப்பர் வளையத்தை நினைத்துக்கொள்ளலாம். வளையம் ஓரிடத்தில் விட்டுப்போனால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும்.

*

இனி ஓய்வின் கட்சி. 1860 முதல் 1862 வரை லண்டன் அறுவை மருத்துவக் கல்லூரியில் ஜான் ஹில்டன் ஆற்றிய சொற்பொழிவுகள் 1863இல் நூலாக வந்தன. பின்னர் 'ஓய்வும் வலியும்' என்ற பொருள்படும் தலைப்பில் பல பதிப்புகள் கண்டன. வலி என்பது உடல் தன்னை அசைக்காதே என்று கேட்பது. மருத்துவன் அதற்குச் செவிசாய்க்க வேண்டும் என்பதே நூலின் சாரம். இடுப்பு மூட்டு கெட்டுப்போன குழந்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுவது ஏன் என்பதை நரம்புகளின் வழியே தெளிவாக விளக்கியவர் ஹில்டன். ஒரே நரம்பின் கிளைகள் இரண்டு மூட்டுகளுக்கும் செல்வதால் வலி இடம் மாறித் தெரிகிறது.

ஹில்டன் தந்தது கொள்கை. அதை இரும்பில் அடித்துக் கொடுத்தவர் ஹியூ ஓவன் தாமஸ் (1834-1891). வேல்ஸின் ஆங்கிள்சி தீவைச் சேர்ந்த, பரம்பரை பரம்பரையாக எலும்பு கட்டும் குடும்பம். நம்மூரில் புத்தூர்க் கட்டுக்குப் போகிறவர்களைப் போல, லிவர்பூல் துறைமுகத் தொழிலாளர்கள் தாமஸின் தந்தை ஈவனிடம் போனார்கள். பட்டம் பெற்ற மருத்துவர்கள் அவர்மேல் திரும்பத் திரும்ப வழக்குத் தொடுத்தார்கள். சலித்துப்போன தந்தை தம் ஐந்து மகன்களையும் மருத்துவம் படிக்க வைத்தார். ஐவரும் பட்டம் பெற்றார்கள். அவர்களில் மூத்தவர் ஹியூ. கழுத்துவரை பித்தானிட்ட கறுப்புக் கோட்டும், கண்வரை இழுத்துவிட்ட தொப்பியும், வாயில் சிகரெட்டுமாக லிவர்பூல் தெருக்களில் திரிந்த மெலிந்த மனிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழைகளுக்கு இலவச வைத்தியம். வீட்டை ஒட்டியே கொல்லுப்பட்டறை வைத்து ஒவ்வொரு நோயாளியின் உடம்புக்கும் ஏற்ப இரும்புச் சட்டங்களை வளைத்துக் கொடுத்தார். தோள்பட்டைக்குக் கீழிருந்து கெண்டைக்கால்வரை ஒரே இரும்புப் பட்டை. மார்பிலும் தொடையிலும் காலிலும் வளையங்கள். அதற்குள் இடுப்பு மூட்டை அசைக்க முடியாது. ஓய்வு என்றால் கட்டாயமான, இடையறாத, நீண்ட ஓய்வு. மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள்.

இன்று படிக்கும்போது கொடுமையாகத் தோன்றலாம். தாமஸ் பார்த்த இடுப்பு மூட்டுகளைப் பற்றி யோசித்தால் அப்படித் தோன்றாது. அக்காலத்தில் இடுப்பு மூட்டு நோய் என்றாலே பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும் எலும்புக் காசநோய்தான். சீழ் கோத்து, மூட்டு அரித்து, கால் வளைந்து குட்டையாகிப் போகும். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது 1943இல். அதற்கு முன் மருத்துவனின் கையில் இருந்தவை காற்று, வெயில், உணவு, அசையாமை இவ்வளவுதான். கிருமி குடியிருக்கும் மூட்டை அசைப்பது தீயை விசிறுவது. தாமஸ் தமக்கு முன்னிருந்த நோய்க்குச் சரியான மருந்தையே கொடுத்தார். அவருடைய தொடைச் சட்டம் முதல் உலகப் போரில் அவருடைய மனைவியின் உறவினரும் மாணவருமான ராபர்ட் ஜோன்ஸின் முயற்சியால் போர்க்களத்துக்குப் போனபோது, தொடை எலும்பு முறிந்த வீரர்களின் சாவு விகிதம் பெருமளவு குறைந்தது. அவர் இறந்து கால் நூற்றாண்டு கழித்து வந்த வெற்றி அது.

ஒரு நோய்க்காக வகுத்த விதி அந்த நோய் போன பிறகும் தங்கிவிட்டதுதான் பின்னால் நடந்தது. காசநோய் மூட்டுக்குச் சொன்னதை முறிந்த எலும்புக்கும், பிசகிய கணுக்காலுக்கும், குடல்வால் அறுத்த வயிற்றுக்கும், பிள்ளை பெற்ற தாய்க்கும் சொல்லத் தொடங்கினார்கள். படுக்கை எல்லாவற்றுக்கும் மருந்தாயிற்று.

எதிர்க்கட்சி பாரிஸில் இருந்தது. ழுஸ்த் லூக்கா-ஷாம்பியோனியே (1843-1913) லிஸ்டரிடம் நேரில் சென்று கிருமிநீக்க முறையைக் கற்று அதைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தவர். எலும்பு முறிந்த இடத்தை நெடுங்காலம் கட்டிப்போட்டால் எலும்பு கூடும், ஆனால் கை உதவாது என்று அவர் கண்டார். மூட்டு இறுகிவிடுகிறது, தசை சூம்பிவிடுகிறது. ஆகவே மெல்லப் பிடித்துவிட்டு, வலிக்காத அளவில் அசைத்துக்கொண்டே முறிவை ஆற்ற வேண்டும் என்றார். இயக்கமே உயிர் என்பது அவருடைய கட்சிக்கொடி. ஆர்தர் கீத் 1919இல் வெளியிட்ட எலும்பு மருத்துவ வரலாற்று நூலில் ஹில்டன், தாமஸ் ஆகியோரோடு இவருக்கும் இடம் கொடுத்திருக்கிறார். ஆனால் தம் காலத்தில் அவர் சிறுபான்மைதான். சிகாகோவின் எமில் ரீஸ் 1899இலேயே பெண்களுக்கான வயிற்று அறுவைக்குப் பின் சீக்கிரம் எழுப்பி நடத்தலாம் என்று எழுதியும் யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கருத்து மாறுவதற்கு வாதங்கள் போதவில்லை. படுக்கைப் பற்றாக்குறை தேவைப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டவர்களைச் சீக்கிரம் எழுப்பி அனுப்ப வேண்டியிருந்தது. எழுந்தவர்கள் கெட்டுப்போகவில்லை, படுத்திருந்தவர்களைவிட நன்றாகவே தேறினார்கள். 1947 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ரிச்சர்ட் ஆஷர் படுக்கையின் ஆபத்துகளைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். நுரையீரல், இரத்தக்குழாய், தோல், தசை, எலும்பு, சிறுநீரகம், குடல், மனம் என்று ஒவ்வோர் உறுப்பாக எடுத்துக்கொண்டு படுக்கை அதற்கு என்ன செய்கிறது என்று நகைச்சுவையோடு அடுக்கிக்கொண்டு போகிறார். மருத்துவக் கட்டுரைகளில் உரைநடைக்காகவே படிக்கத் தக்கவை சில உண்டு; இது அவற்றில் ஒன்று. (பீட்டில்ஸ் ரசிகர்கள் அறிந்த நடிகை ஜேன் ஆஷர் இவருடைய மகள்.)

இயக்கத்தின் கட்சிக்கு மூட்டுக்குள்ளிருந்தே சாட்சி கொண்டுவந்தவர் டொரோண்டோ குழந்தைகள் மருத்துவமனையின் ராபர்ட் சால்டர். அசையாமை மூட்டுக்குக் கெடுதி, விட்டுவிட்டு அசைப்பது நல்லது, அப்படியானால் இடைவிடாமல் அசைப்பது இன்னும் நல்லதாக இருக்க வேண்டும் என்று 1970இல் அவர் கணக்குப் போட்டார். முயல்களின் முழங்கால் குருத்தெலும்பில் சிறு துளைகளிட்டு, சிலவற்றைக் கட்டுப்போட்டு வைத்தார். சிலவற்றைக் கூண்டில் அவற்றின் போக்கில் விட்டார். சிலவற்றின் காலை மோட்டார் பொருத்திய கருவியில் இரவு பகலாக மெல்ல மடக்கி நீட்டவிட்டார். 1980இல் வெளியான முடிவுகளில், இடைவிடாது அசைந்த மூட்டுகளில்தான் துளைகள் மிக நன்றாக ஆறியிருந்தன. கட்டுப்போட்ட மூட்டுகளில் ஒட்டுகள் வளர்ந்திருந்தன. 'வேண்டாத எடத்துல ஒட்டிக்கும்' என்று அந்தப் பெண் சொன்னது இதைத்தான். குருத்தெலும்புக்கு இரத்த ஓட்டம் இல்லை. மூட்டு நீரிலிருந்துதான் அது உணவு பெறுகிறது. அந்த நீரைக் கலக்கித் தருவது அசைவு.

*

இவ்வளவு நடந்தும் லேப்ரம் இந்தக் கதைக்குள் வரவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதை உயிருள்ள மனிதனில் பார்க்க வழியில்லை. முழங்காலைப் போல இடுப்பு மூட்டு தோலுக்கடியில் இல்லை. தசைகளுக்கு அடியில், கிண்ணத்துக்குள் புதைந்து கிடக்கிறது. நியூயார்க்கின் மைக்கேல் பர்மன் 1931இல் சடலங்களின் மூட்டுகளுக்குள் மெல்லிய குழாய்நோக்கியைச் செலுத்திப் பார்த்தார். எலும்பின் கழுத்தையும் தலையின் ஒரு பகுதியையும் கண்டார். தலைக்கும் கிண்ணத்துக்கும் இடையே ஊசி நுழைவதே நடவாத காரியம் என்று எழுதிவைத்தார். வேபர் சகோதரர்களின் காற்றழுத்தம் அங்கே காவல் நின்றது. ஜப்பானின் கென்ஜி தகாகி 1939இல் நான்கு நோயாளிகளின் இடுப்பு மூட்டைப் பார்த்ததாக அறிக்கை தந்தார். பிறகு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இந்தத் துறை உறங்கியது. காலை இழுவைக் கட்டிலில் பூட்டி மூட்டை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் பிரித்துக்கொள்ளும் முறை 1980களில் சீரான பிறகுதான் நடவாத காரியம் நடந்தது.

லேப்ரம் கிழியும் என்பது அதற்குச் சற்று முன்னரே தெரிந்திருந்தது. 1957இல் பேட்டர்சன் என்பவர், விபத்தில் விலகிய மூட்டை மறுபடி பொருத்தவிடாமல் கிழிந்த லேப்ரம் இடையில் சிக்கிக்கொண்டதை எழுதினார். 1977இல் ஆல்டன்பெர்க், பெரிய விபத்து ஏதுமில்லாமலே அது கிழிந்து வலி தரும் என்றும் மூட்டுத் தேய்வுக்கு வித்திடும் என்றும் இரண்டு நோயாளிகளைக் கொண்டு சொன்னார். 1986இல் ஜப்பானியரான சுஸுகியும் குழுவினரும் நோக்கியின் வழியாகவே கிழிசலைக் கண்டு பதிவு செய்தார்கள்.

ஏன் கிழிகிறது? இதற்கான விடை ஒருமுறை கிடைத்துத் தொலைந்துபோனது. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மரியஸ் ஸ்மித்-பீட்டர்சன், பாஸ்டனில் 1936இல் எழுதிய கட்டுரையில், தொடை எலும்பின் கழுத்து கிண்ணத்தின் முன்விளிம்பில் இடிப்பதால் வலி வருகிறது, அந்த விளிம்பைச் செதுக்கிவிட்டால் வலி நீங்குகிறது என்று காட்டினார். ஆனால் அவரே எலும்புத் தலைக்கு உலோகத் தொப்பி அணிவிக்கும் முறையில் புகழ்பெற்றார். பிறகு செயற்கை மூட்டுகள் வந்தன. இடிப்பதைச் செதுக்குவது பற்றி யாரும் பேசவில்லை.

அறுபத்தேழு ஆண்டுகள் கழித்து, 2003இல், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரிலிருந்து ரைன்ஹோல்ட் கான்ஸும் குழுவினரும் அதையே முழுமையாகச் சொன்னார்கள். கான்ஸின் துணிச்சல் வேறிடத்தில் இருந்தது. இடுப்பு மூட்டை அறுவையின்போது முழுவதும் கழற்றினால் தலைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அறுந்து எலும்பு செத்துப்போகும் என்று எல்லோரும் அஞ்சினார்கள். அவருடைய குழு அந்தக் குழாயின் பாதையைச் சடலங்களில் துல்லியமாக வரைந்தது. அதைக் காத்தபடி மூட்டைக் கழற்றும் முறையை வகுத்தது. 2001இல் 213 மூட்டுகளின் அனுபவத்தை வெளியிட்டார்கள். ஒன்றில்கூடத் தலை சாகவில்லை. இப்படித் திறந்து பார்த்த நூற்றுக்கணக்கான மூட்டுகளில், எலும்பின் வடிவப் பிசகால் கழுத்து விளிம்பில் இடித்து இடித்து லேப்ரத்தை நசுக்கியிருப்பதைக் கண்ணால் கண்டார்கள். உதடு கிழிவது விளைவு. எலும்பு இடிப்பது காரணம்.

அத்தையின் கேள்விக்கு இங்கேதான் உயிர் வருகிறது. அதுவரை கிழிந்த லேப்ரத்தை அறுவை மருத்துவர்கள் வெட்டி எறிந்தார்கள். வெட்டி எறிந்தால் ஒட்ட வேண்டியது எதுவும் இல்லை. நோயாளி சில நாள் ஊன்றுகோல் பிடித்துவிட்டு, வலி தாங்கும் அளவுக்கு நடந்து போகலாம். கான்ஸின் குழுவில் எஸ்பினோசாவும் பிறரும் 2006இல் 60 மூட்டுகளை ஒப்பிட்டார்கள். இடிக்கும் எலும்பைச் செதுக்கியது எல்லாவற்றிலும் பொது. 25 மூட்டுகளில் கிழிந்த லேப்ரத்தை வெட்டியிருந்தார்கள். 35இல் நல்ல பகுதியை எலும்போடு மறுபடி பொருத்தித் தைத்திருந்தார்கள். இரண்டாண்டு முடிவில் வெட்டியவற்றில் 28 விழுக்காடு மிகச் சிறப்பாக இருந்தன. தைத்தவற்றில் 80 விழுக்காடு. அதன்பின் தைப்பதே வழக்கமாயிற்று. சில மில்லிமீட்டர் அகலமுள்ள நங்கூரங்களை எலும்பின் விளிம்பில் இறக்கி, அவற்றிலிருந்து வரும் நூலால் உதட்டைக் கட்டுகிறார்கள். இதையெல்லாம் இரண்டு மூன்று சிறு துளைகளின் வழியாகவே செய்கிறார்கள்.

தைத்தால் ஒட்ட வேண்டும். லேப்ரத்துக்கு இரத்தம் குறைவு; மூட்டுறையின் பக்கத்திலிருந்து ஓரளவு வருகிறது. ஆடுகளில் தைத்து 12 வாரம் கழித்துப் பார்த்தபோது நாரும் நுண்குழாய்களும் வளர்ந்து ஒட்டியிருந்ததை 2007இல் பதிவு செய்தார்கள். ஆகவே நோயாளியின் நாள்காட்டியை இப்போது நூல் எழுதுகிறது. என் தாளில் இருந்த இரண்டு கட்டளைகளும் இரண்டு அச்சங்களிலிருந்து வந்தவை. எடையேற்றினால், தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்கினால், அதிகம் திருப்பினால் தையலும் செதுக்கிய எலும்பும் தாங்காது. இது தாமஸின் அச்சம். அசைக்காமல் வைத்தால் லேப்ரத்துக்கும் மூட்டுறைக்கும் இடையே ஒட்டுகள் வளர்ந்து மீண்டும் அறுக்க நேரும்; இது சால்டரின் அச்சம். மறு அறுவைக்கு வருபவர்களில் இத்தகைய ஒட்டுகள் அடிக்கடி காணப்படுகின்றன. எடையில்லாத அசைவு என்பது இரு கட்சிக்கும் பொதுவான உடன்படிக்கை. ஆனால் உடன்படிக்கையின் விதிகள் ஊருக்கு ஊர் வேறு. ஒரு மருத்துவர் இரண்டு வாரம் ஊன்றுகோல் என்கிறார், மற்றொருவர் நான்கு. குருத்தெலும்பில் துளையிட்டிருந்தால் ஆறு முதல் எட்டு. பலவும் அனுபவத்தில் விளைந்த எண்கள். ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தவை குறைவு.

*

படுக்கையில் கிடந்தவனை இவற்றையெல்லாம்விட அதிகம் அலைக்கழித்தது வேறொரு கட்டுரை. இடுப்பில் எந்த வலியும் இல்லாத 45 தன்னார்வலர்களை எம்.ஆர்.ஐ. படம் எடுத்து 2012இல் வெளியிட்டிருந்தார்கள். சராசரி வயது 37.8. அவர்களில் 69 விழுக்காட்டினருக்கு லேப்ரம் கிழிந்திருந்தது. வலியே இல்லாதவர்களுக்கு! அப்படியானால் என் படத்தில் தெரிந்த கிழிசல்தான் என் வலிக்குக் காரணம் என்று யார் சொன்னது? நாற்பதைக் கடந்தவனின் நரைமுடியைப் போல அதுவும் ஒரு வயதின் அடையாளமாக இருக்கக் கூடாதா?

அறுவை நடக்கும் முன் இதைப் படித்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பல இரவுகள் யோசித்தேன். சீரான சோதனைகள் வரத் தாமதமாயிற்று. பிரிட்டனில் 23 மருத்துவமனைகளில் 348 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நோக்கி வழி அறுவையும் மறுபாதிக்கு முறையான உடற்பயிற்சிச் சிகிச்சையும் தந்து, 2018இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். ஓராண்டு முடிவில் இரு சாராரும் தேறியிருந்தார்கள். அறுவை செய்தவர்கள் நூறு புள்ளி அளவுகோலில் 6.8 புள்ளி கூடுதலாகத் தேறியிருந்தார்கள். 2019இல் வந்த இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வும், 222 பேரைக் கொண்டு, அறுவையின் பக்கமே சாய்ந்தது. ஆனால் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் 80 பேரிடம் நடந்து 2018இல் வந்த ஆய்வு, இரண்டாண்டில் வேறுபாடில்லை என்றது. அதில் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இடையில் அறுவைக்கு மாறிவிட்டார்கள் என்பதால் அதை வைத்து உறுதியாகப் பேச முடியாது. 6.8 புள்ளி என்பது மெய்யான ஆதாயம். பெரிய ஆதாயமென்று சொல்ல எனக்கு நா எழவில்லை. எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு மணி நேர வகுப்பை நாற்காலியைத் தேடாமல் நின்று எடுப்பது. அதற்கு 6.8 போதுமா என்று எந்தக் கட்டுரையும் சொல்லாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஆய்வுகளின் வினாத்தாள்கள் படியேறுவதையும் காரில் ஏறி இறங்குவதையும் ஓடுவதையும் கேட்கின்றன. சம்மணமிட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிட முடிகிறதா, குந்தி உட்கார்ந்து எழ முடிகிறதா என்பது எங்கள் வீட்டில் கேட்கப்பட்ட கேள்வி. கழுத்து விளிம்பில் இடிப்பது பெரும்பாலும் ஆழ மடக்கும்போதுதான். நம் வாழ்க்கையோ ஆழ மடக்குவதிலேயே நடக்கிறது. தரையில் பரப்பிய தேர்வுத் தாள்களுக்கு நடுவே உட்கார்ந்து திருத்தியே பழகியவனுக்கு மேசை நாற்காலியில் திருத்தும்போது மதிப்பெண்கூடக் குறைவாகத்தான் விழுந்தது. மாணவர்கள் மன்னிக்க வேண்டும்.

ஊன்றுகோல்களை ஆறாம் வாரம் பரணில் ஏற்றினோம். அதற்குள் அத்தை ஊருக்குப் போய்விட்டிருந்தார். தொலைபேசியில் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஒட்டிருச்சாப்பா?" என்பது. ஒட்டியிருக்கிறது என்று சொன்னேன். உள்ளே போய்ப் பார்த்தவர் யாருமில்லை.

நான்காம் மாதம் மருத்துவர் என்னைச் சோதனை மேசையில் மல்லாக்கப் படுக்கச் சொன்னார். இடது முழங்காலை இரு கைகளாலும் கட்டி மார்போடு அணைத்துக்கொள்ளச் சொன்னார். வலது தொடை மேசையில் படிந்து கிடக்க வேண்டும். மூட்டின் முன்புறம் இறுகியிருந்தால் தொடை தானாகவே மேலே எழும்பும். லிவர்பூலின் ஹியூ ஓவன் தாமஸ் வகுத்த சோதனை இது. 1875இல் வந்த அவருடைய நூலிலிருந்து இன்றுவரை அவர் பெயராலேயே வழங்குகிறது. அசையாமல் கிட என்று இரும்பு வளைத்த மனிதரின் சோதனையைக் கொண்டு, எவ்வளவு அசைகிறது என்று அளந்தார்கள். மருத்துவர் என் தொடைக்கடியில் கையை நுழைத்துப் பார்த்தார். இரண்டு விரல் அளவு இடைவெளி இருந்தது. குப்புறப் படுக்கும் நேரத்தைக் கூட்டச் சொல்லி, அடுத்த மாதம் வரச் சொன்னார்.